கொழுப்புப் பட்ட பக்கம்

திசையன்விளை பஜாரில் கறிக்கடை போட்டிருப்பவன்
வேதம் வாசிக்கச் சொல்கிறான் என்று
சிரிக்க வேண்டுமானால் சிரித்துவிடும், கிதியோன்.
பிறகு கேளும்.

திடப்படுத்தலுக்குக் கிடைத்த வேதம்
இருபத்தாறு வருஷம் என் வீட்டில்
ஜிப் வைத்த உறைக்குள் பத்திரமாக இருந்தது.
கூடவே ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும்
மகளின் தடுப்பூசி அட்டையும்.
பூச்சி அண்டாமல் இருக்க
பாக்கியசெல்வி இரண்டு பாச்சை உருண்டை போட்டிருந்தாள்.

ஞாயிறு எனக்கு வியாபாரம்.
முதல் மணி அடிக்கும்போது இரண்டாவது ஆடு தொங்கும்.
ஐயர் பிரசங்கம் ஒலிபெருக்கியில் வரும்.
அரைக் கிலோவுக்கும் முக்கால் கிலோவுக்கும் நடுவில்
காதில் விழுந்தது எவ்வளவோ அவ்வளவு.

ஒரு ஆடி மாசம்,
காற்று தேரி மணலை வாரிக் கடைக்குள் எறிந்த மத்தியானம்,
இன்சூரன்ஸ் சீட்டுத் தேடி உறையைத் திறந்தேன்.
சீட்டு இருந்த பக்கத்தில்
குண்டிக்காய் என்று போட்டிருந்தது.

நான் கடையில் சொல்கிற அதே சொல், வே.
படித்தவர்கள் கிட்னி என்பார்கள்.
குண்டிக்காய், அதை மூடியிருக்கும் கொழுப்பு,
ஈரலை ஒட்டின ஜவ்வு,
எதை எடுப்பது, எதை எரிப்பது,
கத்தி பிடித்தவன் சொன்ன மாதிரி வரிசை பிசகாமல்.
அன்று காலையில்தான் அந்த ஜவ்வை
இந்த இரண்டு விரலால் உரித்தேன்.
ஆரம்பிக்கிறவர்கள் பாதிப்பேர்
மூச்சு முட்டி நின்றுபோகிற இடம் அது என்று
உபதேசியார் பின்னால் சொன்னார்.
நான் நுழைந்ததே அந்த வாசல் வழியாக.

அதற்காகத் தினமும் தேன் ஒழுகும் என்று நினைத்துவிடாதேயும்.
சில நாள் பேர் மேல் பேர்,
வாக்காளர் பட்டியல் மாதிரி.
ஒரு ராஜா செய்த காரியத்தைப் படித்து
ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தேன்.
கல்யாண மாசத்தில் பதினோரு நாள் தொடவேயில்லை.
பன்னிரண்டாம் நாள் திறந்தேன்.
எங்கே போனாய் என்று கேட்கவில்லை.
விட்ட இடத்தில் அந்தக் கழுதை
இன்னும் நகராமல் நின்றுகொண்டிருந்தது.

ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு ஏது நேரம் என்கிறீர்,
அதுதான் ஐயர் வாசிக்கிறாரே என்கிறீர்.

போன அசனத்துக்கு
முப்பத்தெட்டு ஆடு உரித்தது நான்.
நீர் மூன்று பந்தி மாறி உட்கார்ந்ததை
வாளி தூக்கினவன் சொன்னான்.
ஐயர் சாப்பிட்டார், எனக்கு வயிறு நிறைந்தது என்று
ஒருத்தராவது இலையை மடக்கினார்களா?
சரி, அசனம் வருஷத்துக்கு ஒருநாள்.
மறுநாள் காலையில் வயிறு கேட்டதா இல்லையா?

உவரி சவாரிக்குக் காத்து நிற்கிற அரைமணி நேரத்தில்
போனை எத்தனை தரம் தடவுகிறீர்.
அதில் ஒரு பக்கம். ஒரே ஒரு பக்கம்.
புரியாவிட்டால் புரியவில்லை என்று
அவரிடமே சொல்லும்.
உம் கை அறிந்த ஏதாவது ஒன்று,
கழன்று ஓடுகிற சக்கரமோ
பேசின கூலியைத் தராமல் போகிறவனோ,
உள்ளே எங்கேயோ உமக்காக நிற்கும்.
எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது.

நான் மூன்று மணிக்குக் கடையைக் கழுவிவிட்டு
புளியங்கட்டை மேல் சாக்கு விரித்து வாசிக்கிறேன்.
அடையாளத்துக்கு மேலப்பாளையம் சந்தைச் சீட்டு.
கை எவ்வளவு கழுவினாலும்
ஒரு சொட்டுக் கொழுப்பு ஒருநாள் தாளில் பட்டுவிட்டது.
பாக்கியசெல்வி ஏசினாள்.
பட்ட இடம் மட்டும் கண்ணாடியாகி
அடுத்த பக்கத்து எழுத்து
இந்தப் பக்கம் தெரிகிறது, முதுகைக் காட்டி.
என்னவாக இருக்கும் என்று
எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டுத்
தாளைப் புரட்டுகிறேன்.